ஒளிந்திருக்கும் ஆண்களுக்கு: கத்தோலிக்க ஆணாக வாழத் தொடங்குவது எப்படி

ஞாயிறு திருப்பலிக்கு வருகிறீர்கள், பெரும்பாலும் கடைசி வரிசையில், இல்லையென்றால் வாசல் பக்கம். கோவிலில் நாற்காலி எடுத்துப் போடவோ கணக்குப் பார்க்கவோ ஆள் வேண்டும் என்றால் முதலில் நிற்பவரும் நீங்கள்தான். ஆனால் கடைசியாக எப்போது ஒழுங்காகப் பாவசங்கீர்த்தனம் செய்தீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். வீட்டுக்கு ஒரு முகம், வேலை இடத்துக்கு ஒரு முகம், இரவு எல்லோரும் தூங்கிய பிறகு போனும் நீங்களும் மட்டுமாக இருக்கும் நேரத்துக்கு வேறு முகம். அப்படிப்பட்ட ஆணுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா, இருபது வயதா, அறுபது வயதா என்பதெல்லாம் பெரிய வித்தியாசமில்லை.

ஆண்களின் இன்றைய ஆன்மிகச் சிக்கல்கள் என்றால் ஆபாசம், குடி, கோபம், பணம், காரணம் தெரியாத வெறுமை என்று வரிசையாகச் சொல்வோம். எல்லாம் உண்மைதான். ஆனால் இவை அத்தனைக்கும் சோறு போட்டு வளர்ப்பது ஒரே ஒரு பழக்கம்: ஒளிந்துகொள்வது. கடவுளிடமிருந்து, மனைவியிடமிருந்து, நண்பர்களிடமிருந்து, கொஞ்ச நாளில் நம்மிடமிருந்தே ஒளிந்துகொள்வது. ஆகவே இங்கே நான் சொல்லும் வழிகள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் வெளியே வருவதற்கான வழிகள்தான்.

தொடக்கநூல் 3ஆம் அதிகாரத்தை எடுத்து ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பாம்பு ஏவாளிடம் பேசியபோது ஆதாம் எங்கோ வேலையாகப் போயிருந்தான் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் 6ஆம் வசனம் அவள் தன்னுடன் இருந்த கணவனுக்குக் கொடுத்தாள் என்கிறது. பக்கத்திலேயே நின்றிருக்கிறான், வாயைத் திறக்கவில்லை. அப்புறம் மரங்களுக்கு நடுவே ஒளிந்தான். “நீ எங்கே இருக்கின்றாய்?” என்று கடவுள் கேட்டு வெளியே வந்ததும் பழியை மனைவி மேல் போட்டான், அவளைக் கொடுத்தவர் நீர்தானே என்று கடவுள் மேலும் சேர்த்துப் போட்டான். பேசாமல் நிற்பது, ஒளிவது, பழியைத் தள்ளிவிடுவது என்று இந்த மூன்றையும் நாம் இன்றைக்கும் அதே வரிசையில்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

முதலில், யாரைப் பார்த்துக் கற்கிறீர்கள்?

ஆண்மை பற்றிப் பாடம் எடுப்பவர்களுக்கு இணையத்தில் இப்போது பஞ்சமில்லை. உடம்பை ஏற்று, பணம் சேர், யாரையும் நம்பாதே, பெண்ணை அடக்கி வை, உணர்ச்சியைக் காட்டாதே என்கிறார்கள். இதில் சிலர் பேச்சில் நடுநடுவே சிலுவையும் லத்தீன் ஜெபமும் வரும், அதனால் இதுதான் கத்தோலிக்க ஆண்மை போல என்று இளைஞர்கள் நம்பிவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் கவலையாக இருக்கிறது. உடற்பயிற்சி நல்லது, உழைப்பும் ஒழுக்கமும் நல்லவை, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்தப் பாடத்தின் நடுவில் இருப்பது பயம். யாரும் என்னை வெல்லக் கூடாது, யாரும் என் பலவீனத்தைப் பார்த்துவிடக் கூடாது என்ற பயம். ஆதாம் ஒளிந்த அதே மரங்கள்தான், பெயர்ப்பலகை மட்டும் மாறியிருக்கிறது.

அப்படிப்பட்ட ஐந்து சேனல்களை இன்றைக்கே நிறுத்திவிட்டு யோசேப்பைப் பாருங்கள், நம் பெரியவர்கள் சூசையப்பர் என்று சொல்வார்களே, அவரை. நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. ஆதாமும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. ஆனால் வானதூதர் சொன்னதும் தூக்கத்திலிருந்து எழுந்து மரியாவை ஏற்றுக்கொள்கிறார். ஏரோது குழந்தையைத் தேடுகிறான் என்றதும் விடியட்டும் என்றுகூடக் காத்திருக்காமல், இரவோடு இரவாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். திருத்தந்தை 9ஆம் பயஸ் 1870 டிசம்பர் 8 அன்று இவரைத்தான் திருச்சபை முழுவதற்கும் பாதுகாவலராக அறிவித்தார். சரியாக 150 வருடம் கழித்து, 2020 டிசம்பர் 8 அன்று, திருத்தந்தை பிரான்சிஸ் இவரைப் பற்றி ஒரு திருத்தூது மடல் எழுதினார். குழந்தை பிறந்ததாலேயே ஒருவன் தந்தையாகிவிடுவதில்லை, அந்தக் குழந்தையின் பொறுப்பை ஏற்கும்போதுதான் தந்தையாகிறான் என்ற கருத்து அதில் வருகிறது. கற்பு என்பதை அவர் விளக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: யாரையும் சொந்த உடைமையாக்கிக் கொள்ளாத அன்பு என்கிறார்.

மத்தேயு முதல் இரண்டு அதிகாரங்களை ஒரு வாரம் தினமும் வாசியுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.

உங்கள் சிக்கலுக்குச் சரியான பெயர் வையுங்கள்

‘எனக்கு ஜெபிக்கவே நேரமில்லை’ என்பார்கள். ‘டென்ஷன் அதிகம்’ என்பார்கள். இவையெல்லாம் போர்வை. ஒரு தாளை எடுத்து, யாருக்கும் காட்டப் போவதில்லை என்ற தைரியத்தோடு, உங்களை உண்மையிலேயே பிடித்து வைத்திருப்பது எது என்று எழுதுங்கள். பக்கத்திலேயே அது எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த மனநிலையில் வருகிறது என்றும் எழுதுங்கள். பாவத்தின் பெயரைவிட இந்த இரண்டாவது பகுதிதான் உங்களுக்குப் பயன்படும்.

ஏன் என்றால் தாவீதைப் பாருங்கள். 2 சாமுவேல் 11ஆம் அதிகாரம் பத்சேபாவோடு தொடங்குவதில்லை. அரசர்கள் போருக்குப் புறப்படும் இளவேனிற் காலம், தாவீது தளபதியையும் படையையும் அனுப்பிவிட்டு எருசலேமிலேயே தங்கிவிட்டார் என்று தொடங்குகிறது. மாலையில் படுக்கையிலிருந்து எழுந்து அரண்மனை மாடியில் உலாவுகிறார், அப்போதுதான் அவள் குளிப்பதைப் பார்க்கிறார். இருக்க வேண்டிய இடத்தில் அவர் இல்லை, செய்ய வேண்டிய வேலை கையில் இல்லை, மாலை நேரம், தனிமை. பார்வை, விசாரிப்பு, ஆள் அனுப்பி வரவழைப்பு, கர்ப்பம் என்று போய், கடைசியில் அவள் கணவன் உரியா கொல்லப்படும் வரை ஒவ்வொரு படியும் முந்தைய படியை மறைப்பதற்காக எடுத்து வைக்கப்பட்டதுதான். இறைவாக்கினர் நாத்தான் வந்து முகத்துக்கு நேரே சொன்ன பிறகுதான் சங்கிலி அறுந்தது. உங்கள் மாடி எது, உங்கள் மாலை எது என்று எழுதச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலுக்கும் பெயர் வைக்க வேண்டும், பலருக்கு அது பாவம் என்றே தெரியாது. 4ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி இதை நண்பகல் பேய் என்று அழைத்தார், 91ஆம் திருப்பாடலிலிருந்து வந்த பெயர் அது. அவர் காட்டும் துறவியைப் பாருங்கள்: சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது, ஜன்னல் பக்கமே பார்வை போகிறது, சாப்பாட்டு நேரம் எப்போது வரும் என்று எட்டிப் பார்க்கிறான், யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறான், இந்த இடமே பிடிக்கவில்லை, கூட இருப்பவர்களுக்கு அன்பே இல்லை, வேறு எங்காவது போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. ஜன்னலுக்குப் பதிலாக போன் திரை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியதில்லை. இதை வெறும் சோம்பல் என்று நினைக்காதீர்கள். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைப்பவருக்கும் இது இருக்கும், சொல்லப்போனால் வேலையையே ஒளியும் இடமாக்கிக்கொண்டவருக்குத்தான் அதிகமாக இருக்கும். கடவுள் என்னிடம் ஒப்படைத்த நன்மையே எனக்குச் சுமையாகத் தெரிவதுதான் இதன் அடையாளம். மனைவியோடு பேசுவது சுமை, பிள்ளையின் வீட்டுப்பாடம் சுமை, ஜெபம் சுமை. மருந்தாக அந்தத் துறவிகள் சொன்னது மிக எளிது: அறையை விட்டு எழுந்து போகாதே, கையில் இருக்கும் வேலையைச் செய். பிள்ளையோடு உட்கார்ந்தீர்கள் என்றால் அரை மணி நேரம் போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். எழுந்துவிடாதீர்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் விருப்பம் இல்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால் அதற்கு ஆன்மிகப் பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். மருத்துவரையும் மருந்தையும் தந்தவர் கடவுள் என்று சீராக் 38ஆம் அதிகாரம் சொல்கிறது. ஜெபமும் மாத்திரையும் சண்டை போட்டுக்கொள்ளாது.

ஒப்புரவு அருட்சாதனம்: பல வருடம் ஆகிவிட்டது என்றால்

பாவசங்கீர்த்தனம் என்று சொல்வதும் இதைத்தான். இதுதான் முதல் கதவு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆண்கள் இதைத் தள்ளிப்போடுவதற்கு நான் அதிகம் கேட்ட காரணம், ‘பங்குச் சாமியாருக்கு என்னை நன்றாகத் தெரியும், நாளைக்கு எப்படி அவர் முகத்தில் முழிப்பது?’ என்பது. சரி, அப்படியானால் வேறு பங்குக்குப் போங்கள். எந்தத் தடையும் இல்லை. திருத்தலங்களில் ஒப்புரவுக்கென்றே குருக்கள் உட்கார்ந்திருப்பார்கள், அங்கே உங்களை யாருக்கும் தெரியாது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: திருச்சபைச் சட்டம் 983இன்படி ஒப்புரவின் இரகசிய முத்திரை மீற முடியாதது. எந்தக் காரணத்துக்காகவும், எந்த விதத்திலும் குரு அதைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபைத் தண்டனைக்கு உள்ளாகிறார்.

எப்படித் தயாரிப்பது? மேலே சொன்ன தாள் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக வைத்து உங்கள் வாழ்க்கையைப் பாருங்கள். சாவான பாவங்களை, அதாவது பெரிய காரியத்தில் தெரிந்தே மனமாரச் செய்தவற்றை, அவற்றின் வகையையும், ஞாபகம் இருக்கும் வரை எத்தனை முறை என்பதையும் சொல்ல வேண்டும், இது 16ஆம் நூற்றாண்டில் ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கக் காலத்திலிருந்தே தெளிவான போதனை. பல வருடக் கணக்கு என்றால் எண்ணிக்கை யாருக்கும் ஞாபகம் இருக்காது, ‘வாரத்தில் இரண்டு மூன்று முறை, பத்து வருடமாக’ என்று சொன்னால் போதும். கதை வேண்டாம், மனைவி எப்படி, முதலாளி எப்படி என்ற விளக்கம் வேண்டாம். பெண்கள் செய்த தவறைச் சொல்ல வந்து நிற்காதீர்கள், அது ஆதாமின் வேலை.

உள்ளே போனதும் எதுவும் ஞாபகம் வரவில்லை என்றால் இப்படியே சொல்லுங்கள்: ‘ஃபாதர், நான் ஒப்புரவு செய்து பதினைந்து வருடம் ஆகிறது, எப்படிச் செய்வது என்றே மறந்துவிட்டது, கொஞ்சம் உதவி செய்யுங்கள்.’ இதைக் கேட்டுச் சலித்துக்கொள்ளும் குருக்கள் மிகக் குறைவு, பெரும்பாலும் அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், அந்த நாளிலேயே அவர்களுக்கு மிகவும் மகிழ்ச்சி தரும் ஒப்புரவு அதுவாக இருக்கும். சொல்வதற்கே நாக்கு கூசும் பாவம் ஒன்று இருக்கும் இல்லையா, அதை முதலில் சொல்லிவிடுங்கள். அதைக் கடைசிக்கு வைத்தால் அது வெளியே வராது. தெரிந்தே ஒரு சாவான பாவத்தை மறைத்தால் அந்த ஒப்புரவே செல்லாது. உண்மையிலேயே மறந்துபோனது மன்னிக்கப்பட்டுவிடும், அடுத்த முறை சொன்னால் போதும். குரு தரும் பரிகாரத்தை வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்று வைக்காமல் அங்கேயே முழங்காலில் நின்று முடித்துவிட்டு எழுந்திருங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை என்பது திருச்சபை விதித்த குறைந்தபட்ச அளவு. போராட்டத்தில் இருப்பவருக்கு அது போதாது. மாதம் ஒருமுறை, முடிந்தால் இரு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் ஒரே குருவிடம். அவருக்கு உங்கள் பாதை தெரிந்திருந்தால்தான் அவர் தரும் ஆலோசனை உங்களுக்குப் பொருந்தும். அப்புறம், செய்த ஒப்புரவே சரியில்லையோ என்று திரும்பத் திரும்பச் சந்தேகப்பட்டு அதே பாவங்களை மறுபடி மறுபடி சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் ஸ்பெயினில் மன்ரேசாவில் இருந்தபோது இந்த நோயால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரும் அளவுக்கு அவதிப்பட்டிருக்கிறார். உங்களுக்கும் அப்படி இருந்தால் ஒரே குருவிடம் சொல்லி, அவர் ‘போதும்’ என்றால் அத்தோடு நிறுத்துங்கள்.

போன், ஆபாசம், இரவு

இதைப் பற்றி மேடையில் பேசத் தயங்குகிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு ஆணும் தனக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு தனியாக மூழ்குகிறான். ஆபாசம் திரையில் இருப்பவரைப் பொருளாக்குகிறது, பார்ப்பவரையும் கெடுக்கிறது, திருமண உறவின் அர்த்தத்தையே திரிக்கிறது என்று திருச்சபையின் மறைக்கல்வி 2354ஆம் எண்ணில் சொல்கிறது. அதே நூல் 2342ஆம் எண்ணில் தன்னடக்கம் நீண்ட காலம் எடுக்கும் கடினமான வேலை, ஒரேயடியாகக் கிடைத்துவிட்டது என்று யாரும் நினைக்க முடியாது என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலாவதை விட்டால் பாவம் சாதாரணமாகிவிடும், இரண்டாவதை விட்டால் முதல் சறுக்கலிலேயே எல்லாவற்றையும் கைவிட்டுவிடுவீர்கள்.

நடைமுறையில் இதுதான்: மன உறுதியை நம்பாதீர்கள், இரவு பதினொரு மணிக்கு அது யாரிடமும் இருப்பதில்லை. போன் படுக்கை அறைக்குள் வரக் கூடாது. சமையலறையிலோ கூடத்திலோ சார்ஜில் போட்டுவிட்டுப் போங்கள், அலாரத்துக்கு ஒரு சாதாரண கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். தடுக்கும் செயலியைப் போட்டு அதன் கடவுச்சொல்லை மனைவியிடமோ நம்பிக்கையான நண்பரிடமோ கொடுத்துவிடுங்கள், உங்களிடமே சாவி இருந்தால் அது பூட்டு இல்லை. குளியலறைக்குப் போனைக் கொண்டு போகும் பழக்கத்தை நிறுத்துங்கள். தாளில் நீங்கள் எழுதிய நேரமும் மனநிலையும் இங்கேதான் உதவும். அலுவலகத்தில் அவமானப்பட்ட நாள், மனைவியோடு சண்டை போட்ட இரவு, வெளியூரில் தனி அறை என்று உங்களுக்கென்று இரண்டு மூன்று சந்தர்ப்பங்கள் இருக்கும். அவை வரும் முன்பே யாருக்குப் போன் செய்வது என்று தீர்மானித்து வையுங்கள்.

விழுந்துவிட்டால்? அந்த நொடியிலேயே, அழுக்காக இருப்பதாக உணரும்போதே, பாவத்துக்காக வருந்திச் சொல்லும் மனஸ்தாப ஜெபத்தைச் சொல்லுங்கள். கொஞ்சம் தூய்மையானவனாக ஆன பிறகு கடவுளிடம் போகலாம் என்று நினைப்பது மறுபடியும் மரத்துக்குப் பின்னால் போவதுதான். அடுத்த வாய்ப்பில் ஒப்புரவு. அதுவரை நற்கருணை வாங்காமல் இருங்கள், ஆனால் திருப்பலிக்குப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள். பலர் இங்கேதான் வழுக்கிப் போய்விடுகிறார்கள்: பாவத்தால் அல்ல, பாவத்துக்குப் பிறகு வரும் வெட்கத்தால். நேர்மையாளர் ஏழு முறை விழுந்தாலும் எழுந்திருப்பார் என்கிறது நீதிமொழிகள் 24:16. வருடக்கணக்கில் விட முடியாத அளவுக்கு அடிமையாகிவிட்டிருந்தால் உளவியல் ஆலோசகரையும் பாருங்கள்.

சின்னதாக வாக்குக் கொடுங்கள்

குடியோ, வேறு எதுவோ, ‘இனி வாழ்நாளில் தொடமாட்டேன்’ என்று உணர்ச்சிவசப்பட்டுச் சத்தியம் செய்யாதீர்கள். அயர்லாந்தில் டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி மாட் டால்பட் என்று ஒருவர் இருந்தார், 1856இல் பிறந்தவர், சிறுவனாக இருக்கும்போதே குடிக்க ஆரம்பித்துவிட்டார். 1884இல் ஒரு நாள் கையில் காசில்லாமல் மதுக்கடைக்கு வெளியே நின்று, கூலி வாங்கி வரும் கூட்டாளிகளில் யாராவது வாங்கித் தருவார்கள் என்று பார்த்தார். இத்தனை நாள் இவர் காசில் குடித்தவர்கள் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் குடியை விடப் போகிறேன் என்றார். ஒப்புரவு செய்துவிட்டு மூன்று மாதத்துக்கு மட்டும் வாக்குக் கொடுத்தார். அது முடிந்ததும் இன்னும் கொஞ்ச காலம், அப்புறம்தான் வாழ்நாள் முழுக்க. அதிகாலைத் திருப்பலியைப் பிடித்துக்கொண்டார், பழைய கடன்களைத் தேடித் தேடி அடைத்தார். முன்பு இவரும் கூட்டாளிகளும் ஒரு தெருப் பாடகரின் வயலினைத் திருடி விற்றுக் குடித்திருந்தார்கள், அந்த மனிதரைப் பல இடங்களில் தேடியும் கிடைக்கவில்லை என்பதால் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1925இல் திருப்பலிக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து இறந்தார். 41 வருடம் குடிக்கவில்லை. 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று, புனிதர் பட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு படியாக, அறிவித்தது.

எடுத்துச் செய்யக்கூடிய விஷயம் இரண்டு. கெடு வைத்த சின்ன வாக்கு ஒன்று, யாருக்குக் கெடுதல் செய்தோமோ அவருக்கு ஈடு செய்வது இன்னொன்று. இரண்டாவதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பணம் ஏமாற்றியிருந்தால் திருப்பிக் கொடுங்கள், பெயரைக் கெடுத்திருந்தால் யாரிடம் கெடுத்தீர்களோ அவர்களிடமே போய்ச் சரி செய்யுங்கள்.

இரவில் பத்து நிமிடம்

இஞ்ஞாசியார் போர்வீரராக இருந்தவர், 1521இல் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்த பிறகுதான் வாழ்க்கை திரும்பியது. அவர் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனையைப் போல ஆண்களுக்குப் பொருந்தும் ஜெபம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. படுக்கும் முன் உட்காருங்கள். முதலில் நன்றி, அதுவும் பொதுவாக இல்லாமல், இன்றைக்கு நடந்த ஒன்றுக்காக. அப்புறம், என்னை உள்ளபடி பார்க்க வெளிச்சம் தாரும் என்று கேளுங்கள். காலையிலிருந்து மணிவாரியாக நாளை ஓட்டிப் பாருங்கள்: எங்கே கோபம் வந்தது, எங்கே பொய் சொன்னேன், யார் முகத்தைப் பார்க்காமல் பேசினேன். மன்னிப்புக் கேளுங்கள். நாளைக்கு ஒரே ஒரு காரியத்தைத் தீர்மானித்து, ஒரு பரலோக மந்திரத்தோடு முடியுங்கள். ‘நாளைக்கு நல்லவனாக இருப்பேன்’ என்பது தீர்மானம் இல்லை. ‘நாளை காலை மகனிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்பேன்’ என்பது தீர்மானம்.

ஒரு நண்பர் வேண்டும்

கெட்ட ஆவி பொய்யான காதலனைப் போல நடந்துகொள்கிறது என்கிறார் இஞ்ஞாசியார். ஒரு நல்ல குடும்பத்துப் பெண்ணிடம் ஆசை வார்த்தை சொல்பவன் அதை அவள் தந்தையிடமோ கணவரிடமோ சொல்லிவிடாதே என்றுதான் கெஞ்சுவான், வெளியே தெரிந்தால் தன் வேலை நடக்காது என்று அவனுக்குத் தெரியும். அதுபோல, ஒரு நல்ல குருவிடமோ ஆன்மிக அனுபவம் உள்ளவரிடமோ சொல்லிவிட்டால் சோதனையின் பாதி பலம் போய்விடும். இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

தேவசகாயம் வாழ்க்கையிலும் இது இருக்கிறது. திருமணமான பொதுநிலையினர், திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி, 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டவர். துன்பமும் இழப்பும் சூழ்ந்து மனம் உடைந்திருந்த நேரத்தில் அவரிடம் யோபின் கதையைச் சொல்லி விசுவாசத்துக்கு வழி காட்டியவர் திருவிதாங்கூர் படையில் பணியாற்றிய டச்சுத் தளபதி டி லனோய். ஒரு குருவோ துறவியோ இல்லை, கூட வேலை செய்த இன்னொரு ஆண். அந்த உரையாடல் நடந்திருக்காவிட்டால்?

ஆகவே ஒருவரைத் தேடுங்கள். வின்சென்ட் தே பால் சபையிலோ மரியாயின் சேனையிலோ சேருங்கள், ஏழை வீடுகளுக்குச் சேர்ந்து போகும் ஆண்கள் ஒருவரையொருவர் எளிதில் நம்புவார்கள். 1833இல் பாரிசில் அந்தச் சபையைத் தொடங்கியபோது பிரெடெரிக் ஓசனாமுக்கு வயது 20. பல வருடம் கழித்து அதே சபையில் சேர்ந்த பியர் ஜியோர்ஜியோ பிரசாத்தி மலையேறும் இளைஞர், 24 வயதில் போலியோவால் இறந்தார், 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். மரணப் படுக்கையில் கை இழுத்துக்கொண்டிருந்த நிலையிலும் ஒரு ஏழைக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும்படி கிறுக்கல் எழுத்தில் குறிப்பு எழுதினார். அவர் எத்தனை பேருக்கு உதவியிருந்தார் என்பது அடக்கத்தன்று திரண்டு வந்த ஏழைகளைப் பார்த்த பிறகுதான் வீட்டாருக்கே புரிந்தது. ஒளித்து வைத்தே ஆக வேண்டும் என்றால் இதை ஒளித்து வையுங்கள்.

நண்பர் கிடைத்ததும் வாரத்தில் ஒரு நாள், குறிப்பிட்ட நேரம், நேரிலோ போனிலோ. இருவரும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ‘இந்த வாரம் எதை மறைத்தாய்?’ அவர் சொன்னது உங்களோடு நிற்க வேண்டும், உங்கள் மனைவிக்குக்கூடப் போகக் கூடாது.

வீட்டில்

எபேசியர் 5ஆம் அதிகாரத்தை எடுத்து, மனைவி பணிய வேண்டும் என்று வாதாடும் ஆண்கள் உண்டு. அதற்கு ஒரு வசனம் முன்னால், 21இல், ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்று இருக்கிறது. கணவனுக்கு 25இல் சொல்லப்பட்டது: கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்தது போல அன்பு செய். கையளித்தார் என்றால் சிலுவை. அடிப்பதும், கத்திப் பயமுறுத்துவதும், பணத்தைப் பிடுங்கி வைப்பதும் தலைமை இல்லை, பாவம். மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ ஆபத்து என்றால் அவள் பிரிந்து போகத் திருச்சபைச் சட்டம் 1153 வழி விடுகிறது, இதைப் பங்குகளில் சத்தமாகச் சொல்ல வேண்டும். கை ஓங்கும் பழக்கம் உங்களிடம் இருந்தால் முதல் வேலையாக வெளியே உதவி தேடுங்கள்.

பிள்ளைகளுக்கு விசுவாசம் போக வேண்டும் என்றால் நீங்கள் ஜெபிப்பதை அவர்கள் பார்க்க வேண்டும். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எட்டு வயதில் தாயை இழந்தவர். இரவில் கண் விழிக்கும்போது தந்தை முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்ததாகவும், குருத்துவத்துக்குப் போவது பற்றி அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை, ஆனாலும் அந்தக் காட்சிதான் தனக்கு முதல் குருமடம் என்றும் அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மனிதர், மனைவி இல்லை, பிள்ளைக்குத் தானே சமைத்து, துணி தைத்து, இரவில் முழங்காலில். பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. தூங்கப் போகும் முன் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் போடுங்கள், இன்றைக்கே. முதல் நாள் இருவருக்கும் கூச்சமாக இருக்கும், ஒரு வாரத்தில் மறந்துவிட்டால் பிள்ளையே வந்து நெற்றியைக் காட்டும்.

ஒன்றுமே உணர முடியாதபோது

இரண்டு மூன்று மாதம் எல்லாம் நன்றாகப் போகும், அப்புறம் ஒரு நாள் எல்லாம் வறண்டுவிடும். ஜெபமாலை வெறும் உச்சரிப்பாக இருக்கும், ஒப்புரவில் அதே பாவங்கள், நண்பர் போனை எடுக்க மனம் வராது. இதை எதிர்பார்த்தே இருங்கள். ஆண்டவருக்குப் பணி செய்ய வந்தால் சோதனைக்கு உன்னை முன்னேற்பாடு செய்துகொள் என்றுதான் சீராக் 2ஆம் அதிகாரமே தொடங்குகிறது. இந்த நேரத்துக்கு இஞ்ஞாசியார் வைத்த விதி: வறட்சியில் எந்த முடிவையும் மாற்றாதே, தெளிவாக இருந்த நாளில் எடுத்த தீர்மானத்தில் நில். குழுவை விட்டு விலகுவது, குருவை மாற்றுவது, செயலியை நீக்குவது, இது எதையும் அந்த வாரத்தில் செய்யாதீர்கள். ஜெப நேரத்தைக் குறைக்கச் சொல்லும் எண்ணத்துக்கு எதிராக, குறித்த நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கச் சொல்கிறார் அவர். பத்து நிமிடம் என்று உட்கார்ந்தால் பதினொரு நிமிடம் இருங்கள். மறுநாள் காலை அந்த நண்பருக்கு நீங்களே போன் செய்து, ‘எனக்கு ஜெபமே வரவில்லை’ என்று சொல்லிவிடுங்கள்.